முழுத்திரை விளையாட்டின்போது பிற செயலிகளின் அழைப்பை அறிந்துகொள்வது எப்படி?

கிளிநொச்சியில் மாலை ஐந்தரை மணியாகும்போது ரொறன்ரோவில், கோடைகால நேரப்படி, காலை எட்டு மணி. வேலைக்குப் புறப்படுமுன் ஊரில் உள்ளவர்களோடு பேசிவிட்டுப் போகலாம் என்று பெரியப்பாவோ மாமியோ அழைப்பெடுக்கும் அந்த நேரத்தில்தான், பிரத்தியேக வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் கணினியில் விளையாட்டைத் திறக்கிறார்கள். விளையாட்டு திரை முழுவதையும் பிடித்துக்கொள்வதால், அழைப்பு வந்ததும் போனதும் தெரிவதில்லை. விளையாட்டை நிறுத்தாமலே அதை அறிய விண்டோஸ் கணினியில் வழி உண்டு.

முதலில், ஒரு செயலி நம்மை இரண்டு விதமாகக் கூப்பிடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, திரையின் வலது கீழ் மூலையில் தோன்றும் அறிவிப்புப் பெட்டி. மற்றையது, திரையின் அடியில் உள்ள டாஸ்க்பார் பட்டையில் அந்தச் செயலியின் பொத்தான் நிறம் மாறி மினுங்குவது. பின்னணியில் இருக்கும் செயலி தானாக முன்னுக்கு வந்து நம் தட்டச்சைக் குழப்பாதபடி விண்டோஸ் தடுத்து வைத்திருப்பதால், மினுங்குவதே அதற்கு அனுமதிக்கப்பட்ட நாகரிகமான வழியாகும். ஆனால் டாஸ்க்பாரே விளையாட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும்போது அந்த மினுக்கத்தை யார் காண்பது?

படி 1: அறிவிப்புப் பெட்டி. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் என்ற வரிசையில் சென்று, ‘தொந்தரவு செய்யாதே’ நிலை தானாக இயங்கும் சந்தர்ப்பங்களின் பட்டியலைத் திறவுங்கள். விளையாடும்போதும் முழுத்திரையிலும் அறிவிப்புகளை அடக்கும் தெரிவுகள் அங்கே உள்ளன. அவற்றை முழுதாக நீக்குவதைவிட, முன்னுரிமைப் பட்டியலில் அழைப்பு வரும் செயலியை மட்டும் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. இல்லாவிட்டால் தேவையற்ற விளம்பர அறிவிப்புகளும் வந்து சேரும்.

படி 2: மினுக்கத்தைப் பிடித்தல். இதற்கு, ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு கட்டளைக் கோப்பை எழுதி இயக்க உதவும் கட்டணமற்ற ஆட்டோஹாட்கீ மென்பொருளின் இரண்டாம் பதிப்பை நிறுவுங்கள். ஒரு சாளரம் மினுங்கும்போது, கேட்டுக்கொண்ட செயலிகளுக்கு விண்டோஸ் ஒரு செய்தி அனுப்புகிறது. அதை நாமும் கேட்க, ரெஜிஸ்டர்ஷெல்ஹுக்விண்டோ என்ற விண்டோஸ் கட்டளையை, அத்தகைய கட்டளைகளை ஸ்கிரிப்டிலிருந்து அழைக்க உதவும் டிஎல்எல்கால் மூலம் அழைத்து, நம் ஸ்கிரிப்டின் மறைந்த சாளரத்தைக் குறிக்கும் ஏ_ஸ்கிரிப்ட்எச்டபிள்யூஎன்டி என்ற மாறியை அதற்குக் கொடுக்க வேண்டும். அடுத்து, ரெஜிஸ்டர்விண்டோமெசேஜ் கட்டளைக்கு ஷெல்ஹுக் என்ற சொல்லைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை ஆன்மெசேஜ் கட்டளையில் இட்டு, செய்தி வரும்போது இயங்கவேண்டிய செயற்கூற்றின் (கட்டளைத் தொகுதியின்) பெயரையும் எழுதுங்கள்.

அந்தச் செயற்கூற்றுக்கு வந்து சேரும் முதல் மதிப்பு 32774 ஆக இருந்தால் ஏதோ ஒரு சாளரம் மினுங்குகிறது என்று பொருள். இரண்டாவது மதிப்பு அது எந்தச் சாளரம் என்பதைக் காட்டும். சாளரம் திறப்பது, மூடுவது போன்ற வேறு நிகழ்வுகளும் இதே வழியாக வருவதால், இந்த எண்ணைச் சரிபார்க்காமல் விட்டால் ஓயாமல் ஒலி கேட்கும். தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு: செயற்கூற்றின் அடைப்புக்குள் இரண்டு மதிப்புகளை மட்டும் எழுதினால் போதாது, மூன்றாவதாக ஓர் உடுக்குறியும் (*) இடவேண்டும், அது இல்லையென்றால் ஸ்கிரிப்ட் பிழை காட்டும்.

படி 3: ஒலியெழுப்புதல். சவுண்ட்பீப் கட்டளைக்கு 800, 200 என்ற எண்களைக் கொடுத்தால் 800 ஹேர்ட்ஸ் ஒலி 200 மில்லிசெக்கன் கேட்கும். திரையில் எழுத்துக் காட்டுவதைவிட இதையே பரிந்துரைக்கிறேன். திரையைத் தனக்கென்றே பிடித்துக்கொள்ளும் விளையாட்டின்மேல் வேறு சாளரம் தோன்றாமல் போகலாம், காதில் ஹெட்போன் இருக்கும்போது ஒலி தவறாது. வின்கெட்ப்ராசஸ்நேம் மூலம் செயலியின் பெயரை அறிந்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சுருதி வைத்தால் யார் கூப்பிடுகிறார்கள் என்பதும் விளங்கும். ஒரே அழைப்புக்குச் செய்தி பல தடவை வரக்கூடும் என்பதால், ஒருமுறை ஒலித்தபின் ஐந்து செக்கன் அமைதியாக இருக்கும்படி நேரத்தைக் குறித்து ஒப்பிடுங்கள்.

சோதித்துப் பார்க்க, விளையாடுவோர் பேசவும் செய்தி அனுப்பவும் பயன்படுத்தும் டிஸ்கோர்ட் செயலி பொருத்தமானது. அதன் அறிவிப்பு அமைப்பில் டாஸ்க்பார் மினுக்கத்துக்கென்றே ஒரு தெரிவு உண்டு. மினுங்காமல் அறிவிப்புப் பெட்டியை மட்டும் காட்டும் செயலிகளுக்கு முதலாம் படிதான் உதவும்.

மடிக்கணினியில் விளையாடுவோர் இதே ஸ்கிரிப்டில் இன்னொன்றையும் சேர்க்கலாம். மாரி மழைக்குக் காற்றோடு மின்சாரம் நின்றுபோனால், கணினி மின்கலத்துக்கு மாறியது முழுத்திரையில் தெரியாது. ஆன்மெசேஜ் கட்டளையில், மின்சார நிலை மாறுவதை விண்டோஸ் அறிவிக்கும் 536 என்ற செய்தியைக் கேட்டு, முதல் மதிப்பு 10 ஆக வரும்போது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கச் செய்யுங்கள். மின்கல அளவு குறையும்போதும் இதே செய்தி வரலாம், அதுவும் பயனுள்ளதே.

இந்த ஸ்கிரிப்ட் விளையாட்டின் கோப்பையோ நினைவகத்தையோ தொடுவதில்லை. என்றாலும் இணையவழிப் போட்டி விளையாட்டுகள் சிலவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் ஆட்டோஹாட்கீ இயங்குவதையே சந்தேகிப்பதுண்டு. ஆகவே அத்தகைய விளையாட்டின் விதிகளை முதலில் வாசியுங்கள். தடை இருந்தால் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, முதலாம் படியோடு தொலைபேசியை ஒலி நிலையில் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.