350-ஐ 383 ஆக்குவது: செவர்லே ஸ்மால் பிளாக் ஸ்ட்ரோக்கர் வழிமுறை

செவர்லே 350 கன அங்குல எஞ்சினின் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 4.000 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48 அங்குலம். போரை 4.030-க்குப் பெரிதாக்கி, 400 எஞ்சினுக்குரிய 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) உள்ளே வைத்தால் 383 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.27 லிட்டர் வரும். கூடுதல் கொள்ளளவில் பெரும்பங்கு ஸ்ட்ரோக் தருவது; போரின் பங்கு கொஞ்சம்தான்.

முன்பெல்லாம் பழைய 400 கிராங்க்கைத் தேடிப் பிடித்துக் கடைய வேண்டியிருந்தது. அதன் மெயின் ஜர்னலின் (பிளாக்கின் பேரிங்கில் சுழலும் பகுதி) விட்டம் 2.65 அங்குலம்; 350 பிளாக்குக்கு 2.45 வேண்டும். இப்போது 2.45 ஜர்னலோடே 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் புதிதாகக் கிடைப்பதால் அந்த வேலை தேவையில்லை. வாங்குமுன் பிளாக்கின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். 1985 வரை இரண்டு துண்டு சீல், 1986 முதல் ஒரே துண்டு. இரண்டுக்கும் கிராங்க் வேறு வேறு.

ஸ்ட்ரோக் 6.86 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 3.43 மி.மீ., கீழே 3.43 மி.மீ. கூடுதலாகப் போகும். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் 5.7 அங்குல ராடை அப்படியே வைத்துக்கொண்டால் மேலே கூடிய தூரத்தைப் பிஸ்டனில்தான் கழிக்க வேண்டும். பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் 350-இல் 1.560 அங்குலம், 383-க்கு 1.425. பழைய பிஸ்டனைப் போட்டால் அது பிளாக்குக்கு மேலே தலையை நீட்டி ஹெட்டில் இடிக்கும். 6 அங்குல ராடும் 1.125 உயரப் பிஸ்டனும் இன்னொரு வழி. அதில் பிஸ்டன் சுவரை ராடு பக்கவாட்டில் தள்ளுவது குறையும். ஆனால் அந்தப் பின்னின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடும். தெருவில் ஓட்டும் காருக்கு 5.7 போதும்.

இனி இடிக்கும் இடங்கள். இந்த வேலையில் எஞ்சின் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். போரிங் முடிந்ததும், ஹோனிங்குக்கும் கழுவலுக்கும் முன், வெறும் பிளாக்கில் கிராங்க்கை மாட்டி, ரிங் போடாத ஒரு பிஸ்டனையும் ராடையும் ஒவ்வொரு சிலிண்டராக வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். ராடு போல்ட் தலை, ஆயில் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) பொருந்தும் பிளாக் விளிம்பின் உட்பக்கத்திலும் சிலிண்டர் அடி விளிம்பிலும் தட்டும். தட்டும் இடத்தில் மார்க்கர் போட்டு, 1.5 மி.மீ. கம்பி தாராளமாக நுழையும் அளவுக்கு மட்டும் கிரைண்டரால் எடுங்கள். ஆழமாகப் போனால் பின்னால் இருக்கும் தண்ணீர் அறை திறந்துகொள்ளும். நட் இல்லாமல், திருகு நேரே ராடுக்குள் போகும் வகை ராடு வாங்கினால் இந்த வேலை பாதி குறையும்.

அடுத்தது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட். 1, 2, 5, 6 ஆகிய சிலிண்டர்களின் ராடு தோள் கேம் லோபுக்கு (கேமின் மேடு) மிக அருகே வரும். கேமையும் டைமிங் செயினையும் குறி பார்த்து மாட்டிய பிறகே இதை அளக்க முடியும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு ‘எங்கும் தட்டவில்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். இங்கும் 1.5 மி.மீ. வேண்டும். கிடைக்காவிட்டால் அடி வட்டம் சிறிதான கேம் வாங்குங்கள், அல்லது ராடு தோளைச் சிறிது தேயுங்கள். கேமைத் தேய்க்கக் கூடாது.

ஸ்ட்ரோக் கூடியதும் கம்ப்ரஷன் விகிதமும் தானாகக் கூடும். எரி அறை 64 சிசி உள்ள ஹெட், வால்வுக் குழிக்கு 5 சிசி உள்ள தட்டைப் பிஸ்டன், 0.039 அங்குல கேஸ்கெட், பிஸ்டன் பிளாக் மேல் தளத்துக்கு 0.025 கீழே என்று கணக்கிட்டால் 350-இல் (4.030 போர்) 9.8 வரும்; அதே சாமான்களோடு 383-இல் 10.5. இரும்பு ஹெட்டும் சாதாரண பெட்ரோலும் என்றால் அது நாக்கிங்கை (கலவை தானாக வெடித்துத் தட்டுவதை) வரவழைக்கும். 76 சிசி ஹெட் போட்டால் 9.3-க்கு இறங்கும். அதைவிட நல்ல வழி, 64 சிசி ஹெட்டை வைத்துக்கொண்டு தலையில் குழி உள்ள பிஸ்டன் போட்டு, பிளாக் மேல் தளத்தைச் சீவிப் பிஸ்டனைத் தளத்தோடு சமமாக வர வைப்பது. அப்போது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே கேஸ்கெட் அளவு, அதாவது 1 மி.மீ. இடைவெளிதான் இருக்கும், கலவை நன்றாகக் கலங்கி எரியும், நாக்கிங்கும் குறையும். சீவியபின் கம்ப்ரஷனை மறுபடி கணக்கிட மறக்காதீர்கள்.

பேலன்ஸ் செய்யாமல் பூட்டவே கூடாது. பிஸ்டன், பின், ரிங், ராடு, பேரிங் எல்லாவற்றையும் கிராங்க்கோடு பட்டறைக்குக் கொடுங்கள். 400 வகைக் கிராங்க் வெளிப்புற எடையை நம்பி இருப்பது. அதற்கு 400-இன் டாம்பரும் (கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) ஃப்ளைவீலும் தேவை. உள்ளேயே பேலன்ஸ் செய்த கிராங்க்குக்கு அவற்றை மாட்டினால் அதிர்வே பேரிங்கைத் தின்றுவிடும். ஒரே துண்டு சீல் கிராங்க் ‘உள் பேலன்ஸ்’ என்று விற்கப்பட்டாலும், அதன் ஃப்ளைவீலில் சிறு எடை இருந்தே ஆக வேண்டும்.

கிரைண்டர் தூள் போக வெந்நீர், சோப்பு, ஆயில் துளைகளுக்கு நீண்ட பிரஷ். மெயின், ராடு பேரிங் இடைவெளி 0.05 முதல் 0.06 மி.மீ. மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான வாய் 0.40 மி.மீ.; இதைவிட இறுக்கினால் சூட்டில் முனைகள் முட்டிப் பிஸ்டனை உடைக்கும். சம்பை மாட்டுமுன் உள்ளே ராடு தட்டுகிறதா என்று பாருங்கள். பம்பின் உறிஞ்சு வலைக்கும் சம்ப் அடிக்கும் இடையே 9 மி.மீ. போல இருக்கட்டும்.

நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 350-இன் சராசரி பிஸ்டன் வேகம் விநாடிக்கு 17.7 மீட்டர், 383-இல் 19. அதோடு, பழைய ஹெட்டே பெரிய சிலிண்டருக்குக் காற்று கொடுக்க வேண்டியிருப்பதால் உச்ச சக்தி முன்பைவிடக் குறைந்த சுற்றிலேயே வந்துவிடும். 350-இல் முரட்டுத்தனமாக இருந்த கேம் இங்கே சாதுவாகத் தெரியும். இது கீழ்ச் சுற்றில் இழுக்கும் எஞ்சின். 5,500-க்கு மேல் விரட்டினால் பெரிதாகப் பலன் இருக்காது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி அழுத்தம் ஏற்றுங்கள். தட்டை டாப்பெட் (உருளை இல்லாத) கேம் என்றால் எஞ்சின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல், துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலோடு 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மங்கிய சாம்பல் தூள் இருந்தால் கவலையில்லை. செம்பு நிறமோ தகடு தகடான மினுமினுப்போ தெரிந்தால் சம்பைக் கழற்றி பேரிங்கைப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.