ஜிபிஎல் கோடு கலந்த ஆப்பை ஐபோனுக்குக் கொண்டுபோகும் முன்

வியாசர்பாடி மைதானத்தில் எடுத்த கால்பந்து வீடியோவை வெட்டிச் சுருக்கி, பசங்களுக்கு அனுப்பும் ஆப் ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்தமூல லைப்ரரியைத்தான் எடுப்பீர்கள். ஆண்ட்ராய்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஐபோனில்தான் லைசென்ஸ் இடிக்கும்.

ஜிபிஎல் என்பது, ஆப்பை விநியோகித்தால் அதன் சோர்ஸ் கோடையும் கொடுக்கச் சொல்லும் லைசென்ஸ். ஜிபிஎல் 2-இன் 6ஆம் பிரிவு, மென்பொருளைப் பெறுபவர் மீது மேற்கொண்டு எந்தக் கட்டுப்பாடும் சுமத்தக்கூடாது என்கிறது. ஆப் ஸ்டோரோ தன் பயன்பாட்டு விதிகளைச் சேர்த்தே கொடுக்கிறது. 2010இல் ‘குனு கோ’ என்ற பலகை விளையாட்டு ஆப், 2011 ஜனவரியில் விஎல்சி வீடியோ பிளேயர் இரண்டும் ஸ்டோரிலிருந்து இறங்கியது இந்த முரணால்தான். விஎல்சி மீது புகார் கொடுத்தவர் அதை எழுதியவர்களில் ஒருவர். ஆக, கோடில் பங்குள்ள ஒரே ஒருவர் மறுத்தாலும் ஆப் நிற்காது.

முதல் வேலை, ஆப் எந்தெந்த லைப்ரரியை இழுக்கிறது என்று பதிந்துவைக்கும் பாட்ஃபைல்.லாக், பேக்கேஜ்.ரிசால்வ்ட் கோப்புகளைத் திறந்து எல்லா லைப்ரரியையும் எழுதிக்கொள்வது. ஒவ்வொன்றின் ‘லைசென்ஸ்’ அல்லது ‘காப்பியிங்’ கோப்பை வரிவரியாகப் படியுங்கள், ரீட்மியை நம்பாதீர்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான லைசென்ஸ் என்றால் அவர்களுடைய அறிவிப்பை ஆப்பின் ‘பற்றி’ பக்கத்தில் போட்டால் போதும். எம்பிஎல் 2.0 என்றால் நீங்கள் திருத்திய அதன் கோப்புகளையும் வெளியிட வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல் 2.1, அதாவது ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம். ஆனால் பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் கட்டளையில் ‘எனேபிள்-ஜிபிஎல்’ போட்டுவிட்டால் மொத்தமும் ஜிபிஎல் ஆகிவிடும். பெரும்பாலும் எச்.264 வீடியோவாகச் சுருக்கும் எக்ஸ்264 லைப்ரரிக்காகத்தான் போடுவார்கள். ‘எனேபிள்-நான்ஃப்ரீ’ போட்ட பில்டை யாருக்கும் விநியோகிக்கவே முடியாது. நெட்டில் எடுத்த ரெடிமேட் பில்டில் இது கண்ணில் படாது. எஃப்எஃப்எம்பெக்கின் ஏவிகோடெக் லைசென்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வரும் வரியை லாகில் அச்சிட்டுப் பாருங்கள். ‘ஜிபிஎல் வெர்ஷன் 2’ என்று வந்தால் ‘எனேபிள்-ஜிபிஎல்’ ஃப்ளாக்கை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்ய வேண்டும். எச்.264 என்கோடிங்கை ஐபோனில் ஏற்கனவே உள்ள வீடியோடூல்பாக்ஸிடம் விடுங்கள். குறைந்த பிட்ரேட்டில் பந்து ஓடும் இடம் கட்டம் கட்டமாக உடையும். பிட்ரேட்டைக் கூட்டினால் சரியாகும். எஃப்எஃப்எம்பெக்கை ஆப்பிலிருந்து தனிக் கோப்பாக நிற்கும் டைனமிக் ஃப்ரேம்வொர்க்காகச் சேருங்கள். ஸ்டாட்டிக்காக, அதாவது ஆப்புக்குள்ளேயே கலந்து ஒட்டினால், பயனர் மறுபடி லிங்க் செய்துகொள்ள உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் தர வேண்டிவரும். எந்த சோர்ஸில் கட்டினீர்களோ அதே சோர்ஸையும் கான்ஃபிகர் வரியையும் ஒவ்வொரு வெளியீட்டுடனும் வையுங்கள். இலவசமாகக் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்பது இவ்வளவுதான். இதில் கஞ்சத்தனம் கூடாது.

உங்கள் சொந்தக் கோடே ஜிபிஎல் 3 என்றால் 7ஆம் பிரிவின்படி ஆப் ஸ்டோருக்குக் கூடுதல் அனுமதி எழுதிச் சேர்க்கலாம். கோப்புகளைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் ஆப்பின் ஐஓஎஸ் ரெப்போவில் அப்படி ஒரு கோப்பு தனியாக இருக்கிறது. அனுமதி சேர்க்கும் முன் உங்கள் ரெப்போவில் ‘கிட் ஷார்ட்லாக்’ கட்டளையை ஓட்டிப் பங்களித்தவர் பட்டியலை எடுங்கள். தண்டையார்பேட்டை நண்பர் நாலு ஃபங்ஷன்தான் எழுதினார் என்றாலும் அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் போதாது. ஆள் கிடைக்கவில்லையா, அந்தப் பகுதியைத் திருப்பி எழுதுங்கள். அடுத்தவருடைய ஜிபிஎல் லைப்ரரிக்கு இந்த அனுமதியை நீங்களாகக் கொடுக்க முடியாது. பலர் வழுக்குவது இங்கேதான். ஆப்பிளின் சோதனைத் தளமான டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளியாட்களுக்குக் கொடுப்பதும் விநியோகம்தான், அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

ஆப்பிள் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுள் பிளேக்கு ஒரே முறை 25 டாலர். திறந்தமூல ஆண்ட்ராய்டு ஆப்களுக்கான எஃப்-டிராய்டில் கட்டணம் இல்லை. உங்கள் சோர்ஸிலிருந்து அவர்களே பில்ட் செய்வார்கள், அதனால் ஃபயர்பேஸ் போன்ற மூடிய லைப்ரரிகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.