வடிகஞ்சியிலும் வாழைக்காயிலும் மாவுச்சத்தைக் கண்டறிவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் கார்போஹைட்ரேட் சோதனைக்கு வேண்டிய உணவுப்பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டில் சோறு வடித்த கஞ்சி, ஒரு வாழைக்காய், நன்கு கனிந்த பூவன் பழம், வெல்லம், கல்கண்டு ஆகியவை சிறிதளவு இருந்தால் போதும். ஆய்வகத்துக்குள் வந்துவிட்ட எதையும் பிறகு வாயில் போடக்கூடாது.

முதலில் மாவுச்சத்து. சோதனைக்குழாயில் 2 மில்லி கஞ்சியை ஊற்றி, அயோடின் கரைசலை 2 அல்லது 3 துளி விடவும். பழுப்பு மஞ்சளாக இருந்த கரைசல் கருநீலமானால் மாவுச்சத்து உள்ளது என்று பொருள்; மாவுச்சத்திலுள்ள சுருள் வடிவ அமைலோஸ் மூலக்கூறுக்குள் அயோடின் புகுந்துகொள்வதே இந்நிறத்துக்குக் காரணம். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீரிலும் அதே அளவு துளிகளை விட்டு அருகில் வைத்துக்கொள்ளவும்.

கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒருமுறை என் மாணவர்கள் கஞ்சியைக் கொதிக்கவைத்த கையோடு அயோடினை விட்டு, நிறம் மாறாததைக் கண்டு, 'அரிசியில் மாவுச்சத்து இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டார்கள். குழாயைக் குளிர்ந்த நீரில் பிடிக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் நீலம் படர்ந்தது. சூட்டில் அந்தச் சுருள் குலைவதால் நிறம் மறையும், ஆறினால் திரும்பும்.

அடுத்தது சர்க்கரை. பூவன் பழத்தை நீர்விட்டு மசித்துத் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றுடன் அதே அளவு பெனடிக்ட் கரைசலை (தாமிர அயனி கொண்ட நீல நிறச் சோதனைக் கரைசல்) சேர்த்து, குழாயைக் கொதிநீர் உள்ள பீக்கரில் 5 நிமிடம் நிறுத்தவும். நேரடித் தீயில் காட்டினால் பொங்கித் தெறிக்கும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இறுதியில் செங்கல் நிற வீழ்படிவு தோன்றும். சர்க்கரை குறைவாக இருந்தால் பச்சையிலேயே நின்றுவிடும்.

கல்கண்டுக் கரைசலோ நீலமாகவே இருக்கும், ஏனெனில் அதிலுள்ள சுக்ரோஸ் என்ற சர்க்கரை தாமிர அயனிக்கு எலக்ட்ரானைத் தந்து அதை ஒடுக்குவதில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டு 3 நிமிடம் கொதிநீரில் வைத்து, பிறகு நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீண்டும் சோதித்தால் நிறம் மாறும்; அமிலம் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதே காரணம். வெல்லத்தில் குளுக்கோஸும் பிரக்டோஸும் ஓரளவு இருப்பதால் அமிலமின்றியே மாறிவிடும்.

எனக்குப் பிடித்தது வாழைதான். காயாக உள்ள ஒரு சீப்பை வகுப்பறையில் வைத்து, நாளுக்கு ஒரு காயைக் குறுக்கே நறுக்கி, வெட்டுமுகத்தில் அயோடினைத் தடவிப் பாருங்கள்: முதல் நாள் மை கொட்டியதுபோல் கறுக்கும், பழுக்கப் பழுக்கக் கறை வெளிறிக்கொண்டே போகும், பெனடிக்ட் குழாயிலோ சிவப்பு ஏறிக்கொண்டே வரும்.