வீட்டு வைஃபையைப் பாதுகாப்பது: ரவுட்டரில் செய்ய வேண்டிய வேலைகள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர், வைஃபை பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் மொபைல் எண்ணையே போட்டுவிட்டுப் போவது பல வீடுகளில் நடக்கிறது. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். உங்கள் போன் ரவுட்டருடன் இணையும் நேரத்தில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் தகவலைத் தெருவில் நிற்கும் ஒருவர் லேப்டாப்பில் பிடித்துக்கொள்ள முடியும். அதன் பிறகு அவர் உங்கள் வீட்டுப் பக்கமே வரத் தேவையில்லை. தன் இடத்தில் இருந்தபடியே ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடிதான். சில மணி நேர வேலை.

படி 1: ரவுட்டருக்குள் நுழைதல்

முடிந்தால் கணினியை லேன் கேபிளால் ரவுட்டருடன் இணையுங்கள். வைஃபை வழியாகச் செய்தால் பாஸ்வேர்டை மாற்றிய உடனே இணைப்பு அறுந்துவிடும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டுங்கள். சரியான முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

நுழைந்ததும் வேன் (WAN, வெளி இணைய இணைப்பின் அமைப்புகள்) பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அங்கே பிபிபிஓஇ (PPPoE, யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து நிறுவனத்துடன் இணையும் முறை) என்று இருந்தால், அதன் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் இணைப்பு நிறுவனத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ தவறிப்போய் ரீசெட் பொத்தானை அழுத்தினால் இவையும் அழிந்து, நெட்டே வராமல் போகலாம்.

படி 2: நிர்வாகப் பாஸ்வேர்டு

இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டு. ‘அட்மின்’ என்றே விட்டுவைக்காதீர்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. புதியதை எழுதி ரவுட்டரின் அடியிலேயே ஒட்டினாலும் பரவாயில்லை; வெளியிலிருந்து வருபவருக்கு அது தெரியாது.

படி 3: வைஃபை பாஸ்வேர்டு

செக்யூரிட்டி பட்டியலில் இருப்பவை வைஃபையைப் பூட்டும் முறைகள். அதில் புதியதான டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அதையும், பழைய போன்கள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ2 மட்டும்தான் என்றால் குறியாக்கத்துக்கு ஏஇஎஸ் (AES) போதும், பழைய டிகேஐபி (TKIP) வேண்டாம். இன்னும் பழைய முறையான டபிள்யூஇபி (WEP) 2001இலேயே உடைக்கப்பட்டது. அதன் பக்கமே போகாதீர்கள்.

பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். இங்கே நீளம்தான் காவல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து, நடுவில் கோடு போடுங்கள்: முறுக்கு, ஏணி, புதன், தவளை என்பதுபோல. இதே நான்கைப் போட வேண்டாம். குழந்தையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த பாஸ்வேர்டு நீளமாக இருந்தாலும் ஊகிக்க எளிது.

அடிக்கடி நடக்கும் தவறு இது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் பல ரவுட்டர்களில் தனித்தனிப் பக்கம் உண்டு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதில் பழைய மொபைல் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

படி 4: டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தல்

இதை விட்டால் மேலே செய்த அத்தனையும் வீணாகலாம். டபிள்யூபிஎஸ் (WPS) என்பது வைஃபை பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணையும் வசதி. அந்தப் பின் எண் எட்டு இலக்கம். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சியில் பின் எண் கிடைத்துவிடும். 2011இல் வெளிச்சத்துக்கு வந்த குறை இது.

படி 5: கெஸ்ட் நெட்வொர்க்

இது வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரிந்த தனி வைஃபை. விருந்தினர், டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாவற்றையும் இதில் விடுங்கள். பல பல்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும் என்பதால் கெஸ்ட்டை அதில் திறக்க வேண்டும். வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது.

வெளியிலிருந்து இணையம் வழியே ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) அப்டேட் பக்கத்தில் தானியங்கி வசதி இருந்தால் இயக்குங்கள். நிறுவனம் கொடுத்த ஃபைபர் ரவுட்டர்களில் அப்டேட்டை அவர்களே அனுப்புவது வழக்கம்; அவர்கள் ரவுட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் டிஆர்069 (TR-069) என்ற அமைப்பைக் கண்டால் அதைத் தொடாதீர்கள்.

நெட்வொர்க் பெயரை மறைப்பது, மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்) பார்த்து அனுமதிக்கும் வடிகட்டி இரண்டுக்கும் நேரம் செலவிட வேண்டாம். பெயரும் முகவரியும் காற்றில் வெளிப்படையாகவே போகின்றன. இலவச மென்பொருள் போதும், இரண்டையும் படித்துவிடலாம்.

கடைசியாக, இணைந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து வீட்டில் இருப்பவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். புதிய போன்கள் போலி மேக் முகவரி காட்டுவதால் பெயர் தெரியாத ஒன்று இருந்தால் உடனே பதற வேண்டாம். சந்தேகமானால் அந்தந்த போனின் வைஃபையை அணைத்துப் பாருங்கள், எந்த வரி மறைகிறது என்று தெரிந்துவிடும்.