அட்டையில் ஒரு வில்லன் கூட்டணி: ஐந்து வண்டிகள் சேர்ந்து ஒரே ராட்சத ரோபோ செய்வது எப்படி?

1985-ல் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை வரிசையில் ஆறு கட்டுமான வண்டிகள் வந்தன. புல்டோசர், பொக்லைன், லோடர், டிப்பர், கிரேன், கான்கிரீட் மிக்ஸர். ஆறுமே டிசெப்டிகான் என்னும் வில்லன் கும்பலைச் சேர்ந்தவை. தனித்தனியே ஒவ்வொன்றும் சின்ன ரோபோவாக மாறும். ஆறும் ஒன்றோடொன்று பொருந்தினால் டெவஸ்டேட்டர் என்ற ராட்சதன் எழுந்து நிற்பான். பச்சையும் ஊதாவுமாக அவன் நிற்கிற நிலை இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

அந்தப் பொம்மையை வாங்கச் சொல்லப் போவதில்லை. அதே யோசனையை வைத்து கூரியர் அட்டையிலும் தீப்பெட்டியிலும் நமக்கென்று ஒரு வில்லன் கூட்டணி செய்யலாம். முதல்முறை செய்பவர்களுக்கு இரண்டு விடுமுறை நாள் போதும். கட்டரைப் பெரியவர்கள் மட்டும் பிடிக்கட்டும்.

தொடங்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். டெவஸ்டேட்டரில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே இடம்தான்: போன்கிரஷர் என்ற புல்டோசர் இடது கை, ஸ்காவெஞ்சர் என்ற பொக்லைன் வலது கை, மிக்ஸ்மாஸ்டர் என்ற மிக்ஸரும் ஸ்கிராப்பர் என்ற லோடரும் கால்கள். 1986-ல் வந்த மெனசார், ப்ரூட்டிகஸ் போன்ற ஐவர் அணிகள் வேறு வழியில் போயின. தலைவன் உடம்பாக மாறுவான், மற்ற நால்வரில் யாரும் எந்தக் கையாகவும் எந்தக் காலாகவும் பொருந்தலாம். ஜப்பானில் இதை ஸ்க்ராம்பிள் முறை என்றார்கள். ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் நல்லது. ஒரே அளவில் நான்கு பெட்டி செய்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

தேவையானவை

மூன்று மில்லிமீட்டர் தடிமன் கூரியர் அட்டை, ஒரே கம்பெனியின் ஒரே அளவுள்ள காலி தீப்பெட்டி நான்கு, ஃபெவிகால், பேப்பர் டேப், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, பல்குச்சி, கோணி ஊசி, சின்ன போல்ட்-நட் இரண்டு ஜோடி, அவற்றுக்கு வாஷர் நான்கு, சில நாணயங்கள், போஸ்டர் கலர்.

படி 1: தீப்பெட்டிப் பூட்டு

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

ஒரு தீப்பெட்டியை எடுத்து உள் தட்டை மெல்லத் தள்ளிப் பாருங்கள். தானாக வழுக்கி விழாது, இழுத்தால் வரும். அந்தப் பிடிப்பைத்தான் மூட்டாகப் பயன்படுத்தப் போகிறோம். நான்கு மேல்கூடுகளையும் சரிபாதியாக வெட்டினால் எட்டுப் பொந்துகள் கிடைக்கும். நான்கு உடம்புக்கு, நான்கு கைகால்களுக்கு. ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் சின்ன அட்டைத் துண்டால் அடைத்து ஒட்டிவிடுங்கள். உள் தட்டை இப்போது செருகினால் பாதி உள்ளே போய் நின்றுவிடும், மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மறுபாதி அடுத்த பொந்துக்குள் போகும். நான்கு தட்டுகள் நான்கு இணைப்புகளுக்கும் சரியாகப் போதும்.

தட்டு வெறுமையாக இருந்தால் நசுங்கிவிடும். அட்டைத் துண்டுகளை அடுக்கி, ஃபெவிகால் விட்டு, கெட்டியாக நிரப்புங்கள். ஓர் இரவு காயட்டும்.

அப்புறம் ஒரு அளவுச்சீட்டு செய்யுங்கள். பத்திரிகை அட்டையில் 5 செ.மீ.-க்கு 4 செ.மீ. வெட்டி, நட்டநடுவில் தீப்பெட்டிக் கூட்டின் வாயளவுக்கு ஓட்டை போடுங்கள். எட்டுப் பொந்துக்கும் இந்த ஒரே சீட்டை வைத்துத்தான் கோடு போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்கேலால் புதிதாக அளந்தால் ஒரு மில்லி இங்கே ஒரு மில்லி அங்கே என்று விலகி, கடைசியில் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நிற்கும்.

படி 2: நான்கு அடியாட்கள்

புல்டோசர், பொக்லைன், ரோடு ரோலர், மிக்ஸர் என்று நான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்குப் பிடித்த நான்கை எடுங்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பெட்டி ஒன்றே: 12 செ.மீ. நீளம், 5 அகலம், 4 உயரம்.

12-க்கு 18 செ.மீ. அட்டை வெட்டி, 18 செ.மீ. பக்கத்தில் 5, 9, 14-ல் கோடு கிழித்து மடித்தால் பெட்டியின் சுற்றுச்சுவர் வந்துவிடும். மடிப்பு கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் ஓரிரு மில்லி தாராளமாக வெட்டுங்கள். அட்டைக்குள் இருக்கும் நெளிவுக் கோடுகள் 12 செ.மீ. நீளவாக்கில் ஓட வேண்டும். மடிக்கவும் சுலபம், காலாக நிற்கும்போது எடையும் அந்தக் கோடுகள் வழியே இறங்கும். குறுக்கே ஓடினால் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி மடங்கிவிடும்.

வண்டியின் பின்பக்க மூடியில் அளவுச்சீட்டை வைத்து ஓட்டை வெட்டி, பொந்தின் வாய் மூடியோடு சமமாக இருக்கும்படி உள்ளே செருகி ஒட்டுங்கள். பசை காய்ந்த பிறகு பெட்டியை மூடுங்கள்.

மேல்பக்கத்தில் விருப்பம்போல அலங்கரிக்கலாம்: பொக்லைன் கை, மிக்ஸர் உருளை, புல்டோசர் புகைக்குழாய். பக்கவாட்டில் மட்டும் தடிமனாக எதையும் ஒட்டாதீர்கள், இரண்டு கால்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். சக்கரங்களைப் பத்திரிகை அட்டையில் வட்டமாக வெட்டி ஒட்டினால் போதும். முன்சக்கரத்தை மூக்கிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள், அந்த இடம் பாதத்துக்கு வேண்டும்.

தனி ரோபோ எங்கே என்று கேட்பீர்கள். வண்டியின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது. அங்கே அவன் முகம், மார்பு, கால்களை வரையுங்கள். தலை வண்டியின் பின்பக்கம் வரட்டும். வண்டியைத் தூக்கி மூக்கின்மேல் நிறுத்தித் திருப்பினால் அடியாள் முறைத்துக்கொண்டு நிற்பான். பக்கத்துக்கு ஒரு பத்திரிகை அட்டைக் கீற்றை நூல் முடிச்சால் கட்டிவிட்டால் கையும் ஆடும். பிறகு அவன் ராட்சதனின் காலாகும்போது முகம் பின்னால் போய் மறைந்துவிடும்.

படி 3: தலைவன்

தலைவன் ஒரு டிப்பர் லாரி. நீளம் 16 செ.மீ., அகலம் 12, உயரம் 6. சுற்றுச்சுவருக்கு 16-க்கு 36 செ.மீ. அட்டை, மடிப்புகள் 12, 18, 30-ல். பின்மூடியில் இடுப்புப் பொந்து இரண்டு வரும். அளவுச்சீட்டின் நடு, ஓரத்திலிருந்து 3 செ.மீ.-லும் 9 செ.மீ.-லும் இருக்கட்டும். இரண்டு கால்களுக்கும் இடையே 1 செ.மீ. சந்து கிடைக்கும்.

தோளுக்கு 5-க்கு 4-க்கு 4 செ.மீ. அளவில் இரண்டு குட்டிப் பெட்டிகள். இவற்றின் அடியில் மிச்சமிருக்கும் இரண்டு பொந்துகள். கேபின் பக்கமாக லாரியின் இரு விலாவிலும் போல்ட், வாஷர் போட்டு இறுக்குங்கள். லாரியாக ஓடும்போது இவை டீசல் டேங்க் மாதிரி தெரியும், ராட்சதனாக நிற்கும்போது தோள் சுழலும். போல்ட்டை முடுக்கிய பிறகே தோள் பெட்டியையும் லாரியையும் மூட வேண்டும். முதல் முறை நான் மூடிவிட்டு, அப்புறம் கட்டரால் அறுத்துத் திறந்து மறுபடி ஒட்டினேன். அந்தத் தையல் தழும்பு இன்னும் அவன் முதுகில் இருக்கிறது.

லாரியின் பின்தொட்டியைத் திறந்தபடியே விடுங்கள். அதன்மேல் மாட்ட ஒரு மார்புத் தகடு வெட்டிக்கொள்ளுங்கள். தலை 4 செ.மீ. உயரக் கட்டை. அதன் அடியில் ஒரு அட்டை நாக்கு, கேபின் முன்மூடியில் அது செருக ஒரு கீறல்.

படி 4: கையும் பாதமும்

பெட்டியின் மூக்கு உள்ளே நுழையும் அளவுக்கு, 1.5 செ.மீ. ஆழத்தில், நான்கு தொப்பிகள் செய்யுங்கள். இரண்டின் அடியில் 6-க்கு 8 செ.மீ. அடிப்பாகம் ஒட்டினால் பாதம், இரண்டில் மடக்கிய விரல்கள் ஒட்டினால் முஷ்டி. தொப்பி எல்லாம் ஒரே அளவு என்பதால் யார் வேண்டுமானாலும் கையாகலாம், காலாகலாம். 2015-ல் வந்த காம்பைனர் வார்ஸ் என்ற ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் கைகாலாகப் பொருந்தும் ஒவ்வொரு ரோபோவோடும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதுவே கை, அதுவே பாதம், அதுவே துப்பாக்கி. அருமையான சிக்கனம்.

பாதத்துக்குள் நாணயங்களை ஒட்டுங்கள், முஷ்டிக்குள் எதுவும் வேண்டாம். எடை கீழே இருந்தால்தான் ஃபேன் காற்றுக்கு அவன் சாயமாட்டான்.

படி 5: பல்குச்சித் தாழ்ப்பாள்

காலைப் பொருத்தினால் மேலே இருக்கும் எடையே பூட்டை அழுத்திப் பிடிக்கும். கை அப்படியில்லை, அதன் எடை பூட்டைக் கீழே இழுக்கிறது. இரண்டு நாள் ஆடினால் தீப்பெட்டியின் பிடிப்பு தளர்ந்து கை பொத்தென்று விழும். அதனால் தட்டைச் செருகி, பொந்தின் வாயிலிருந்து 1.2 செ.மீ. தள்ளி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கோணி ஊசியால் நேராகக் குத்துங்கள். அதில் பல்குச்சியைச் செலுத்தினால் தாழ்ப்பாள் ஆயிற்று. தோள் பெட்டியில் ஒன்று, கையில் ஒன்று. ஊசி குத்தும் இடத்தையும் அளவுச்சீட்டிலேயே குறித்துக்கொண்டால் நான்கு பெட்டிக்கும் ஒத்துப்போகும்.

படி 6: நிறமும் குணமும்

ஐந்து வண்டிக்கும் ஆளுக்கொரு நிறம் அடித்தால், சேர்ந்து நிற்கும்போது அட்டைப்பெட்டிக் குவியலாகத்தான் தெரியும். டெவஸ்டேட்டர் ஒரே உடம்பாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், ஆறு பேருக்கும் அதே பச்சை, அதே ஊதா. இரண்டு நிறம் தேர்ந்தெடுத்து ஐவருக்கும் அதையே அடியுங்கள். என்னுடையவன் கருநீலமும் துருச் சிவப்பும்.

பெயரும் குணமும் கட்டாயம் எழுதுங்கள், இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: டெவஸ்டேட்டரின் மூளையில் அந்த ஆறு பேரும் ஒத்துக்கொள்ளும் எண்ணம் மட்டுமே ஓடும். அதனால் அவ்வளவு பெரிய உடம்புக்கு யோசனை சின்னது. மெனசாரின் நிலைமை இன்னும் மோசம். அவனுடைய நான்கு அடியாட்களுக்கும் தலைவனைக் கண்டால் ஆகாது, அந்த வெறுப்பெல்லாம் ஒரே தலைக்குள் கலந்து அவன் குழம்பிப் போவான். என் பொக்லைனுக்கும் ரோடு ரோலருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவரும் கால்களாக நின்றால் ராட்சதன் நடக்கும்போது இடதும் வலதும் வேறு வேறு பக்கம் இழுக்கும். விளையாடும் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

படி 7: ஒன்று சேர்ப்பது

இரண்டு வண்டிகளின் மூக்கில் பாதத்தை மாட்டி நிறுத்துங்கள், மேல்பக்க அலங்காரம் உங்களைப் பார்க்கட்டும். பொந்துகளில் தட்டைச் செருகுங்கள். லாரியைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு தட்டுகளின்மேலும் ஒரே சமயத்தில் இறக்குங்கள். ஒன்றை முதலில் அழுத்தி இன்னொன்றைப் பிறகு அழுத்தினால் பொந்து கிழியும். பிறகு கைகள், தாழ்ப்பாள், முஷ்டி, மார்புத் தகடு. தலையைக் கடைசியில் வையுங்கள்.

தரையிலிருந்து தலை வரை கிட்டத்தட்ட 33 செ.மீ. வரும். முன்னால் சாய்ந்தால் பாதத்தின் முன்நுனியில் இன்னொரு நாணயம். பக்கவாட்டில் ஆடினால் இடுப்பில் தட்டு தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், தட்டைச் சுற்றி ஒரு சுற்று பேப்பர் டேப் போதும்.

பழைய டெவஸ்டேட்டர் பொம்மைகள் இன்று முழுசாகக் கிடைப்பது கடினம். தனியாகக் கழலும் துண்டுகள் எங்கெங்கோ தொலைந்துவிட்டன. நம் ராட்சதனைப் பிரித்ததும் தட்டு நான்கு, தொப்பி நான்கு, தலை, பல்குச்சிகள் எல்லாவற்றையும் லாரியின் பின்தொட்டியில் போட்டு, மார்புத் தகட்டால் மூடி ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். டிப்பர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயார்.