பட்டாளத்து பூட்ஸ்: பழைய மாதிரியைப் பார்த்து வாங்கவும், பல வருஷம் காப்பாற்றவும்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்து பூட்ஸ் மேல் பிரியம் இருப்பது இயல்பு. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை இங்கேதான். தோலுக்குப் பேர்போன ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள். 1806 கோட்டைப் புரட்சியை மேடையேற்றுபவர்களும், உலகப்போர்ச் சீருடை சேகரிப்பவர்களும், பழைய மாதிரியில் புதிதாகத் தைத்த பூட்ஸைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: நம் ஊரில் இந்த பூட்ஸ் நடந்து தேய்ந்து போவதை விட, தப்பாகக் காய்ந்து போவதுதான் அதிகம். தோலைத் தேர்வு செய்வதிலிருந்து பெட்டியில் வைப்பது வரை இதை மனதில் வைத்தே முடிவெடுங்கள்.

எந்தக் காலத்து பூட்ஸ்?

1806 நாடகத்தில் சிப்பாய் வேடம் என்றால் பூட்ஸே வேண்டாம். அக்காலப் படங்களில் சென்னைப் படைச் சிப்பாய்கள் செருப்போடுதான் நிற்கிறார்கள். கோட்டையில் இருந்த 69-வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சோல்ஜர் வேடத்துக்குக் கறுப்புத் தோல் ஷூவும், அதன் மேல் பட்டன் வைத்த துணி கெயிட்டரும் (கணுக்காலை மூடும் உறை) போதும். அந்த ஷூவில் இடது, வலது என்ற பேதம் கிடையாது. இரண்டும் ஒரே நேரான லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சு) செய்தவை. கயிறு கட்டும் உயரமான பூட்ஸை அந்த மேடையில் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

இரண்டாம் உலகப்போர் என்றால் பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் ‘அம்யூனிஷன் பூட்ஸ்’. கணுக்கால் உயரம், சொரசொரப்பான கறுப்புத் தோல், விரல் பக்கம் தொப்பித் தையல், தோல் அடிப்பாகத்தில் இரும்பு ஆணி, குதிகாலில் லாட இரும்பு. அமெரிக்க எம்-1943 பூட்ஸில் தோலின் சொரசொரப்பான உள்பக்கம் வெளியே தெரியும். மேலே இரண்டு பக்கிள் வைத்த பட்டை, கீழே ரப்பர் சோல். ஜெர்மன் மார்ச்சிங் பூட்ஸ் கெண்டைக்கால் வரை ஏறும். ஒரு காலுக்கு 35 முதல் 45 ஆணி.

தோலைச் சோதிப்பது

ஃபேஷன் ஷூவுக்கு ஓடும் மேல்தோல் சாதாரணமாக 1.2 முதல் 1.4 மி.மீ. கனம். பட்டாளத்து பூட்ஸுக்கு 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 2.2, 2.4 இருந்தால் நல்லது. ஆம்பூரில் செய்யக் கொடுக்கிறவர்கள் இந்த எண்ணை ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். ‘கனமாகப் போடுங்க’ என்று வாயால் சொன்னால் 1.6-ல் வந்து நிற்கும்.

அடுத்து, பதனிட்ட முறை. பட்டைத் தோல் என்பது ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும், இப்போது பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாற்றிலும் ஊறியது. குரோம் தோல் குரோமியம் உப்பில் பதமானது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டை. சாயம் ஏற்றி ஓரம் தெரியவில்லையா? ஒரு துண்டு கேட்டு வாங்கி நனைத்து, அதன் மேல் சுத்தமான இரும்பு ஆணியை ஒரு இரவு வையுங்கள். பட்டைத் தோலில் கருநீலக் கறை விழும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. குரோம் தோலில் துருக்கறை மட்டும்தான்.

மேல்பாகம் குரோமாக இருந்தால் குற்றமில்லை. நம் ஈரத்தையும் சூட்டையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் இன்சோலும் (உள்ளே பாதம் படும் அடுக்கு) சோலும் பட்டைத் தோலாகவே இருக்க வேண்டும். வியர்வையை உறிஞ்சி, காலின் வடிவத்துக்குப் படிவது அதுதான்.

விலகி நிற்க வேண்டியது பிளாஸ்டிக் பூச்சுத் தோல். கட்டைவிரலால் அழுத்துங்கள்: நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் பரவும், விட்டதும் மறையும். பூச்சுத் தோல் வழவழவென்று மொத்தமாக அமுங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாலும் தெரியும்; மெழுகோ எண்ணெயோ ஏறாத தோல் கொஞ்ச நேரத்தில் குடித்துவிடும். பூச்சு போட்ட தோலுக்குள் எண்ணெயும் இறங்காது, அதனால் மடிப்பில் வெடிக்கத் தொடங்கினால் வைத்தியம் இல்லை.

அடிப்பாகம்

குதிகால் அடுக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். தோல் அடுக்குகளுக்குப் பதில் அழுத்திய அட்டை இருந்தால், ஒரு மழையில் ஊதிவிடும். மலிவான நகல்களில் பி.யூ. (பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருள்) சோல் வரும். அதைப் போட்டு நடக்காமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரமே அதைச் சில வருஷங்களில் பொடியாக்கும். அலமாரியில் காட்சிக்கு வைக்க வாங்குகிறவர்தான் இதில் ஏமாறுகிறார்.

மரமுளை அடித்த சோல் பழைய முறை, நல்ல முறை. ஈரம் பட்டால் முளை உப்பி இறுக்கமாகப் பிடிக்கும். சித்திரை, வைகாசி வறட்சியில் சுருங்கித் தளரும். கோடையில் மாதம் ஒருமுறை சோலை ஈரத்துணியால் துடைத்து வைத்தால் போதும்.

அளவு

மாலையில், போடப்போகும் கனமான சாக்ஸோடு, நின்றபடி அளக்க வேண்டும். பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கு 8.5 மி.மீ. வித்தியாசம், ஐரோப்பிய அளவில் 6.7 மி.மீ. அதனால் கடைக்காரர் தரும் பட்டியலை நம்பாமல், உள்நீளத்தை மி.மீ.-ல் கேளுங்கள். பெருவிரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. காலி இடம் வேண்டும். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. எனவே விரல் இடித்தால் திருப்பிக் கொடுங்கள். பக்கவாட்டில் லேசாகப் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். புது பூட்ஸில் குதிகால் அரை சென்டிமீட்டர் எழும்புவது சரிதான், சோல் வளையப் பழகியதும் நிற்கும்.

ஆணி அடிப்பது

ஆணி தோல் சோலுக்கு மட்டும்தான். ஆணியின் தண்டு சோல், இடைச்சோல் இரண்டின் கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்சோலைக் குத்தும். சோலை ஈரத்துணியால் தடவி, பூட்ஸை இரும்பு லாஸ்ட்டில் கவிழ்த்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஓரத் தையலிலிருந்து குறைந்தது 6 மி.மீ. உள்ளே தள்ளி அடிக்கவும். தையல் நூலை ஒரு ஆணி அறுத்தாலும் அங்கிருந்து சோல் வாய் பிளக்கும். அடித்து முடித்ததும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஆணி பூட்ஸோடு வேலூர்க் கோட்டைக் கருங்கல் படிகளில் ஏறாதீர்கள். இரும்பு கல்லில் வழுக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் கல்லிலும் கீறல் விழும். அங்கே ஆணியில்லாத சோலில் 2 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டிக்கொள்ளுங்கள், தூரத்தில் தெரியாது. மொசைக், கிரானைட் தரை வீட்டுக்கும் இதே எச்சரிக்கை.

பழக்குவது

தண்ணீரில் ஊறவைத்து நடந்தால் காலுக்குப் படியும் என்று சொல்வார்கள். தோல் படியும்தான், ஆனால் கூடவே எண்ணெய்ப் பசையும் வெளியேறும், ஆணியும் துருவேறும். முதல் வாரம் தினம் அரை மணி நேரம் வீட்டுக்குள். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம் மண் தரையில். மடிப்பு விழும் இடத்தில் மட்டும் மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். ஊர்வலத்துக்கு முதல் நாள் வாங்கிப் போட்டால் குதிகால் கொப்பளிக்கும்.

எண்ணெயும் மெழுகும்

தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை விடுங்கள். வெயிலில் தண்ணீர் போல ஓடித் தையலை நனைக்கும். மார்கழிக் குளிரில் 24 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளையாக உறையும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் கிடைத்தால் அதுவே சிறந்தது. வீட்டிலேயே டப்பின் (தோலுக்குத் தடவும் எண்ணெய், மெழுகுக் கலவை) செய்ய, நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு 50 கிராம் வாங்கி, நீட்ஸ்ஃபுட் எண்ணெய் 100 கிராமோடு ஒரு டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலக்குங்கள். நேரடித் தீயில் வைக்கக் கூடாது. மெழுகு சேர்வதால் இந்தக் கலவை வெறும் எண்ணெய் போல எளிதில் வழியாது.

ஒரு ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். விரல் சூட்டில் தேய்த்து, ஒரு இரவு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். வருஷத்துக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். அதிகமானால் தோல் தொளதொளக்கும், பாலிஷ் பிடிக்காது, பித்தளை ஐலெட்டை (கயிறு கோக்கும் துளை வளையம்) சுற்றிப் பச்சைக் களிம்பு படியும். சொரசொரப்பான எம்-1943 வகைக்குப் பாலிஷ் போடாமல் பிரஷ்ஷும் டப்பினும் மட்டும்.

நனைந்தால்

இதில்தான் பெரும்பாலான பூட்ஸ் உயிரை விடுகிறது. நனைந்த பட்டைத் தோல் 70 முதல் 85 டிகிரிக்குள் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். மே மாதத்தில் மூடிய காரின் டாஷ்போர்டு 70-ஐத் தொடும். அவ்வளவு சூடு இல்லாவிட்டாலும், மொட்டைமாடி வெயிலில் வேகமாகக் காயும் தோலில் உள்ளிருக்கும் துவர்ச்சத்து தண்ணீரோடு மேலே ஏறி அங்கேயே தங்கும். மேல்பரப்பு அப்பளம் போல நொறுங்கும்.

முதலில் சேற்றைச் சாதாரணத் தண்ணீரில் துணியால் துடையுங்கள். கயிற்றை உருவி, நாக்கை முன்னால் இழுத்து விடுங்கள். உள்ளே நாளிதழைத் தளர்வாகச் சுருட்டி வைத்து, முதல் நாள் மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். காகித மை வெளிர் நிற லைனிங்கில் ஒட்டும். அதற்குப் பழைய பருத்தித் துணி. சோல் தரையில் படாமல் பக்கவாட்டில் சாய்த்து, நிழலில், மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். முழுதாகக் காய இரண்டு, மூன்று நாள் ஆகும். லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தண்ணீர் வெளியேறும் இடத்துக்கு எண்ணெய் இறங்கும். ஆணித் தலைகளையும் ஒரு சொட்டு எண்ணெயால் துடையுங்கள், துரு தோலையும் அரிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில்

மேலே வெள்ளை தெரிந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு கட்டாதீர்கள். ஹேர் டிரையரின் மிதமான சூடு காட்டினால் மறைவது கொழுப்புப் படிவு; துடைத்தால் போதும். மறையாமல் பஞ்சு போல நிற்பது பூஞ்சை. வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள். துணிப்பை, சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுதல், இவை போதும். பச்சை வேப்பிலை போட்டால் அதன் ஈரமே பூஞ்சைக்குத் தீனி.

சோல் தேய்ந்து ஓரத் தையல் நூல் கண்ணில் பட்டதும் நடையை நிறுத்தி, புதுச் சோலுக்குக் கொடுத்துவிடுங்கள். வெல்ட் (மேல்தோலையும் சோலையும் இணைக்கும் தோல் பட்டை) வரை தேயவிட்டால் வெல்ட்டையும் மாற்ற வேண்டி வரும். அந்த வேலைக்குத் தெருவோரத் தையல் போதாது, பூட்ஸைத் திரும்ப லாஸ்ட்டில் ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும்.