கனவு எங்கே தொடங்கியது? பகற்கனவுச் சிறுகதை வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் மாதம் ஒருமுறை கூடிச் சிறுகதை வாசிக்கும் எங்கள் சிறு குழு, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் 1939ஆம் ஆண்டு ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய ‘வால்டர் மிட்டியின் இரகசிய வாழ்க்கை’யை அண்மையில் எடுத்துக்கொண்டது. மனைவியுடன் காரில் கடைவீதிக்குப் போகும் நடுத்தர வயதுக்காரர் மிட்டி, அந்த ஒரு பயணத்துக்குள் ஐந்து பகற்கனவுகள் காண்கிறார். வந்திருந்தவர்களில் சிலர் கனவு வரிகளை ஒரு நிறத்திலும் நனவு வரிகளை வேறு நிறத்திலும் கோடிட்டுக் கொண்டுவந்திருந்தனர். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

பிரித்தறிவது தேவைதான், ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுபவர், இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் கனவில், புயலில் கடற்படைக் கப்பலைத் தளபதியாக முடுக்கும்போது மிட்டியின் கால் உண்மையிலேயே காரை விரட்டுகிறது. நாற்பது மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற மனைவி, ஐம்பத்தைந்தைத் தொட்டுவிட்டதாகக் கடிந்துகொள்கிறாள். கையுறை எங்கே என்று அவள் கேட்டதும், மருத்துவமனையைக் கார் கடந்ததும், அடுத்த கனவில் அவர் கையுறை அணிந்த அறுவை மருத்துவராகிவிடுகிறார். கனவும் நனவுக்குக் கைமாறு செய்கிறது: நீதிமன்றக் கனவில் அரசு வழக்கறிஞரை ‘நாயே’ என்று திட்டிய பிறகுதான், வாங்க மறந்த நாய் பிஸ்கட் அவருடைய நினைவுக்கு வருகிறது.

இது அமெரிக்கக் கதை, நமக்கு எட்டாது என்று ஒதுக்குவதும் தவறுதான். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய எவருக்கும் இது பழகிய அனுபவமே. வளைவுதோறும் ஓட்டுநர் அடிக்கும் ஹாரன், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோத்துவிட்டு வந்த தொழிலாளிக்குத் தன் சொந்தக் கடைத் திறப்புவிழாவின் நாகசுரமாகக் கேட்கக்கூடும். சில்லறை கேட்கும் நடத்துநரின் குரல் அவ்விழாவைக் கலைத்துவிடும். அப்படியொரு கதையை வாசிக்கும்போது விழாவை மட்டும் இரசித்து ஹாரனை மறந்துவிடாதிருப்பதே வாசகர் செய்ய வேண்டியது.

அடுத்த தவறு நுட்பமானது. கனவுப் பகுதிகளின் நடை மிகையாகவும் தேய்ந்த வசனங்களாகவும் இருப்பதைக் கண்டு, எழுத்தாளருக்கு எழுதத் தெரியவில்லை என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் தீர்ப்பளித்தார். அந்த நடை மிட்டியுடையது. திரைப்படங்களிலிருந்தும் மலிவான சாகசக் கதைகளிலிருந்தும் அவர் கடன் வாங்கியது. அறுவைக்கூடத்தில் ‘கோரியாப்சிஸ்’ தாக்கிவிட்டது என்று மருத்துவர் பதறுகிறார். அது நோயே அன்று, தோட்டங்களில் பூக்கும் ஒரு செடியின் பெயர். மருத்துவம் அறியாதவர் காணும் மருத்துவக் கனவு வேறு எப்படி இருக்கும்? கனவுக்குக் கனவு இயந்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி ‘போக்கெட்டா போக்கெட்டா’ என்று இரைவதும் இதனால்தான்.

பாத்திரத்தை நோயாளியாக்கி, மருத்துவரிடம் அனுப்பிவிடுவதும் பரவலான பழக்கம். ‘மனக்கோட்டை’ என்ற நம் சொல்லிலேயே ஏளனம் கலந்திருப்பதால், நாம் இந்தப் பக்கம் எளிதாகச் சாய்ந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவியைக் கொடுமைக்காரியாக்குவது இதன் மறுபுறம். கதை அவளை மிட்டியின் காது வழியாகவே கேட்கிறது என்பதை மறந்தால்தான் அவளுக்குத் தண்டனை வழங்க முடியும்.

முடிவுக்கு வரும்போது எல்லோரும் கேட்பது, ‘அவர் இறந்துவிட்டாரா?’ என்பதே. கடைசிக் கனவில், தன்னைச் சுடவிருக்கும் துப்பாக்கிப் படையின் முன் மிட்டி நிமிர்ந்து நிற்பதோடு கதை நின்றுவிடுவதால் இக்கேள்வி எழுகிறது. அதைவிடக் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு: முந்தைய நான்கு கனவுகளிலிருந்தும் ஏதோவொன்று அவரை நனவுக்கு இழுத்துவந்ததே, இந்த ஐந்தாவதிலிருந்து ஏன் இழுக்கவில்லை? அவர் சாய்ந்து நிற்கும் சுவர் மருந்துக்கடையின் சுவர். பனிக்கட்டி கலந்த மழை பெய்கிறது. உதட்டிலிருக்கும் சிகரெட்டு இரண்டு உலகத்துக்கும் பொது. ஒரு நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி உள்ளே போன மனைவி இன்னும் திரும்பவில்லை.